தலை தெற்கே இருந்தது

புதிதாக நம் சேனலில் இந்த மேசைக்கு வந்த ஒவ்வொருவரும் முதல் கிழமைக்குள்ளேயே என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: "சேர், அடுத்தவங்க வீடியோவ நேரலையில எத்தன செக்கன் வரைக்கும் போடலாம்?" கேட்கும்போதே பதிலையும் கையில் வைத்திருப்பீர்கள். ஒருவருக்குப் பத்து என்று யாரோ சொல்லியிருப்பார்கள், இன்னொருவருக்கு முப்பது.

அப்படி ஓர் எண் கிடையாது. நான் தேடிப் படித்த எந்தச் சட்டத்திலும் அதைப் பார்த்ததில்லை. எதற்காக எடுத்தாய், எவ்வளவு எடுத்தாய், அதன்மேல் உன்னுடையது என்று எதைச் சேர்த்தாய், உன்னால் உரியவருக்கு என்ன கெட்டது என்றுதான் கேட்பார்கள். ஒரு நீதிபதி அதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும்வரை நாம் செய்தது சரியா பிழையா என்று நமக்கே உறுதியாகத் தெரியாது. அந்த உறுதியில்லாத இடத்தில் உட்கார்ந்துதான் நாம் நாள்தோறும் வேலை செய்கிறோம்.

எண்ணுக்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். நான் எதையும் நாள் போட்டு எழுதிவைக்கிறவன் என்று உங்களுக்குத் தெரியும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று தெரியாவிட்டால் ஒரு விஷயம் எனக்கு விளங்கவே விளங்காது. இருந்தும் இதில் நாளையும் தோட்டத்தின் பெயரையும் விட்டுவிட்டேன். போட்டால் உங்களில் யாராவது இதில் வரும் வீடியோவைத் தேடிப் போவீர்கள். அது தேடப்படக் கூடாது. குடும்பத்தாரின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். வரிசையை மட்டும் மாற்றவில்லை.

அப்போது எங்கள் சேனல் ஹட்டனில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. நடத்தியவர் ஸ்டீபன். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர், அந்த வருமானத்தில் சேனலைத் தொடங்கினார். சம்பளப் போராட்டம், திருவிழா, மண்சரிவு, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்று மலையகத்தில் நடக்கிற எல்லாவற்றையும் பல வருடங்களாகப் பதிவு செய்து வைத்திருந்தோம். ஆனால் ஆட்கள் கூடியது மாலை நேரலைக்குத்தான். அதில் ரூபன் மற்றவர்களின் வீடியோக்களைப் போட்டுப் பார்த்து, நிறுத்தி நிறுத்திக் கருத்துச் சொல்வான். பூண்டுலோயாப் பக்கத்துப் பையன், வாய்த்துடுக்கு, நல்ல மனசு. என் வேலை, உரிமைப் புகார் வந்தால் அதற்குப் பதில் எழுதுவது.

அந்த வருடம் எங்கள்மேல் ஏற்கெனவே இரண்டு புகார்கள் நின்றன. ஒன்று சினிமாப் பாட்டு, மற்றது கிரிக்கெட் துண்டு. மூன்றாவது ஒன்று விழுந்து, வீடியோத் தளம் கொடுக்கும் சில நாள் அவகாசத்துக்குள் தீராவிட்டால், அந்த வீடியோ மட்டுமல்ல, சேனலே போய்விடும். அதிலுள்ள பழைய பதிவுகளும் சேர்ந்து போகும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

ஆகவே மேசையில் மூன்று பழக்கங்கள் வைத்திருந்தோம். எங்கள் கண்டுபிடிப்பு அல்ல, இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஒன்று, மற்றவர் வீடியோவை ஒரே மூச்சாக ஓட விடக் கூடாது, சில விநாடிக்கு ஒருமுறை நிறுத்திப் பேச வேண்டும். இரண்டு, நம் முகம் ஒரு மூலையில் எப்போதும் தெரிய வேண்டும். மூன்று, மிரர். அதாவது படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போடுவது. திருப்பிப் போட்டால் தளத்தின் இயந்திரக் கண் சில நேரம் அடையாளம் காணாது. ஒரு பொத்தான்தான். ரூபனின் விரல் அதைப் பார்க்காமலே தொடும்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் நடந்துகொண்டிருந்த ஒரு மாலையில் ரூபன் ஒரு ஒப்பாரி வீடியோவைப் போட்டான். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம். வாசலில் நின்று உள்ளே பார்த்து எடுத்த படம். ஒரு வயதான அம்மாவைக் கிடத்தியிருக்கிறார்கள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார், மற்றப் பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து அழுகிறார்கள். மழையில் நனைந்து மலையிலிருந்து வந்தால் இனி யார் எனக்கு வெந்நீர் வைத்துத் தருவார்கள் என்று அந்த மகள் கேட்கிறார். அவருடைய தாய் கொழுந்து பறிப்பதை நிறுத்திய பிறகு தினமும் செய்த வேலை அதுவாக இருந்திருக்க வேண்டும்.

ரூபன் உண்மையாகவே கண்கலங்கினான். ஆனால் பழக்கம் பழக்கம்தான். நிறுத்தினான். "என்னா கொரலுங்க இது! இந்த எடத்த இன்னொருக்கா கேளுங்க" என்று பின்னால் தள்ளி மறுபடி போட்டான். மறுபடி நிறுத்தினான். சட்டப்படி பார்த்தால் அவன் எல்லாவற்றையும் ஒழுங்காகத்தான் செய்தான். அந்த ஒளிபரப்பு எங்களுடைய மற்ற எதையும்விட அதிகம் பார்க்கப்பட்டது. யார் யாரோ அதிலிருந்து துண்டு வெட்டித் தங்கள் பக்கங்களில் போட்டார்கள்.

சில நாளில் புகார் வந்தது. அனுப்பியவர் தர்ஷினி. ஒப்பாரி சொன்ன பெண்ணின் மகள், முன்பள்ளி ஆசிரியை. செல்போனில் அந்த வீடியோவை எடுத்தவர் அவர்தான். ஆகவே படத்தின் உரிமையும் அவருடையதுதான். தளம் எங்கள் வீடியோவை உடனே எடுத்துவிட்டு, அவகாசத்தை எண்ணத் தொடங்கியது.

ஸ்டீபன் பதறவில்லை. அவர் பதறாமல் இருந்ததுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"அண்ணே, எதிர் அறிவிப்பு அனுப்புங்க. நாம சும்மா போடல, கருத்து சொல்லியிருக்கோம். நிறுத்தி நிறுத்தித்தான் போட்டிருக்கோம். நம்ம பக்கம் ஞாயம் இருக்கு."

"அனுப்பினா?"

"அவங்க கோர்ட்டுக்குப் போகணும். போனேன்னு காட்டினாத்தான் புகார் நிக்கும். இல்லேன்னா நம்ம வீடியோ திரும்பி வந்துரும், எச்சரிக்கையும் போயிரும்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "லயத்துல இருக்கிறவங்க எங்கண்ணே கோர்ட்டுக்குப் போகப் போறாங்க."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் இந்த விதியின் கொடுமை. பாட்டுக் கம்பெனிக்கு எதிராக நாங்கள் ஒருபோதும் அந்த அறிவிப்பை அனுப்பியதில்லை. கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். இங்கே அனுப்பலாம், ஏனென்றால் எதிரில் இருப்பவரால் போக முடியாது. சட்டம் இருவருக்கும் ஒரே கதவைத்தான் திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வரை பஸ் போவது ஒருவருக்கு மட்டும்தான்.

எதிர் அறிவிப்பில் ஒரு வாசகம் இருக்கிறது. இந்த வீடியோ தவறுதலாக அகற்றப்பட்டது என்று நான் மனமார நம்புகிறேன் என்று சத்தியம் செய்து பெயர் போட வேண்டும். பெயர் போட வேண்டியவன் நான்.

"ஒருநாள் பொறுங்க ஸ்டீபன்," என்றேன். "ஏன் புகார் பண்ணினாங்கன்னு நமக்குத் தெரியாது. நான் போய்ப் பாத்துட்டு வாறேன்."

"போறதுன்னா வாபஸ் வாங்கச் சொல்லிட்டு வாங்க."

மஸ்கெலியா பஸ்ஸில் மலை ஏறப் போகிற கூட்டம். வெள்ளை உடுத்த சிங்கள யாத்திரிகர்களின் பாட்டுக்கு நடுவில் நின்றபடி போய், டவுனில் இறங்கி, முச்சக்கர வண்டியில் தோட்டத்துக்குப் போனேன். பின்னேரக் கொழுந்தை எடைபோட்டு முடித்துப் பெண்கள் வந்துகொண்டிருந்த நேரம். லயத்தின் வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். நான் யார் என்று சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார்.

"சேனல்ல இருந்தா? வாங்க வாங்க. நேரா வருவீங்களா, இல்ல அதையும் திருப்பிப் போட்டு பின்னால நடந்து வருவீங்களா?"

அவர்தான் தர்ஷினி. எனக்கு அந்தக் கேலி அப்போது விளங்கவில்லை. உள்ளேயிருந்து அவருடைய தாய், ஒப்பாரி சொன்ன பாக்கியம், தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே வந்தார்.

"வந்தவுங்கள வாசல்ல நிக்க வச்சு ஏசாத புள்ள. ஒக்காருங்க ஐயா."

"இல்லம்மா, அவரு வாசல்லயே நிக்கட்டும்," என்றார் தர்ஷினி. "இங்கயே நில்லுங்க ஐயா. நான் நின்னு எடுத்த எடம் இதுதான். உள்ள பாருங்க. எங்க அம்மாயி தல எந்தப் பக்கம் இருந்திருக்கும்?"

அம்மாயி என்றது இறந்துபோன பாட்டியை. நான் நின்றேன். லயம் கிழக்குப் பார்த்தது. முதுகில் மாலை நிழல், எதிரே மேற்குச் சுவர். அப்படி நின்றால் இடது கை தெற்கு. பிணத்தைத் தெற்கே தலை வைத்துத்தான் கிடத்துவார்கள். ஆகவே தலை இடது பக்கம். எங்கள் ஒளிபரப்பில் அந்த அம்மாவின் தலை வலது பக்கம் இருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

மற்றதைப் பாக்கியம் சொன்னார். அவருக்கு ஒரே அண்ணன், முத்துராஜ். கட்டாரில் வேலை. தாயின் அடக்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. அவர் பார்க்கட்டும் என்றுதான் தர்ஷினி வீடியோ எடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். அவர் வேலை முடிந்து பார்ப்பதற்குள் நாங்கள் எடுத்துப் போட்டோம். எங்கள் நேயர்கள் தர்ஷினியின் பக்கத்துக்குப் போய்க் குவிந்து கருத்து எழுதினார்கள். குரலைப் புகழ்ந்தவர்கள் பாதி, அழுகிற பெண்களைப் பற்றி வேறு விதமாக எழுதியவர்கள் பாதி. பயந்துபோய்த் தர்ஷினி தன் வீடியோவை நீக்கிவிட்டார். முத்துராஜுக்குக் கிடைத்தது எங்களுடையது மட்டும்தான்.

"போன்ல கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாரு," என்றார் பாக்கியம். "'நான்தான் இல்ல, அங்க பெரியவங்க ஒருத்தரும் இல்லயா? ஆத்தாவுக்கு வடக்க தல வச்சிட்டீங்களே'ன்னு கேட்டாரு. இல்லண்ணேன்னேன். கண்ணால பாத்தேங்கறாரு."

"நாங்க எடுத்தத அப்புறம் அனுப்பினோம்," என்றார் தர்ஷினி. "இப்ப திருப்பி வச்சு அனுப்புறீங்களாங்கறாரு. ஹட்டன்ல இருக்கிற சேனல்காரன் எதுக்குப் பொய்யா போடப் போறான்னு எங்களயே கேக்குறாரு."

முத்துராஜ் இப்போது லீவு கிடைத்து ஊருக்கு வந்துவிட்டார். ஆனால் வத்தளையில் மனைவி வீட்டிலேயே இருக்கிறார். பதினாறாம் நாள் கருமாதிக்கு வரமாட்டேன் என்கிறார். மகன் வராமல் கருமாதி செய்தால் அதன்பிறகு அந்த உறவு ஒட்டாது.

நான் வாபஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எங்கள் நிலைமையை மட்டும் சொன்னேன், மறைக்கக் கூடாது என்பதற்காக. இந்தப் புகார் நின்றால் சேனல் போய்விடும், எச்சரிக்கையை நாங்கள் ஸ்ட்ரைக் என்போம், இது மூன்றாவது ஸ்ட்ரைக் என்றேன்.

"ஸ்ட்ரைக்குன்னா நாங்கதானே பண்ணுவோம்," என்றார் பாக்கியம். சிரிக்கவில்லை. "ஐயா, ஒங்க பையன் அழுதான். நானும் பாத்தேன். முழுசா போட்டிருந்தா நான் ஒன்னுமே சொல்லியிருக்க மாட்டேன். நிறுத்தி நிறுத்தி வச்சான் பாருங்க. எழவு வீட்டுல அழுகிறவள நிறுத்தினா தண்ணி குடுக்கத்தான் நிறுத்துவாங்க. ஒங்க பையன், இன்னொருக்கா அழு பாப்போம்னு நிறுத்தினான்."

முழுவதையும் அப்படியே போட்டிருந்தால் சட்டத்தின் முன் நாங்கள் திருடர்கள். நிறுத்தி நிறுத்திப் போட்டதுதான் எங்கள் நியாயம். இந்தப் பெண்ணுக்கு அது தலைகீழ்.

"இப்ப என்ன செஞ்சா சரியா இருக்கும்?" என்று கேட்டேன்.

"ஒங்க சேனல்லயே, அதே நேரத்துல, நேரா முழுசா போடுங்க. அண்ணன் பாக்கட்டும்," என்றார் பாக்கியம்.

"போடக்கூடாது," என்றார் மகள். "ஒனக்கென்னம்மா, அந்தக் கமெண்ட்ட எல்லாம் நீயா வாசிச்ச? நான்தான் வாசிச்சேன். நான் எடுத்த படம், நான் குடுக்க மாட்டேன்."

"அழுதது நானு."

"அழுதது நீதான். அதாலதான் குடுக்க மாட்டேங்கறேன்."

சட்டத்தின்படி எனக்கு மகளின் சொல் போதும். அழுதவரின் சொல்லைக் கேட்கச் சொல்லி எந்த விதியிலும் இல்லை. தோளோடு சேர்ந்து அழுத மற்றப் பெண்களைப் பற்றியும் இல்லை. அன்று அந்த வாசலில் நான் எடுத்த முடிவு ஒன்றுதான்: இருவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் போடக் கூடாது.

"படம் போடாம, நாங்கதான் திருப்பினோம்னு மட்டும் நேரலையில சொன்னா?"

தர்ஷினி என்னைக் கூர்ந்து பார்த்தார். "மொதல்ல சொல்லுங்க. மத்தத அப்புறம் பாப்போம்."

திரும்பி வந்ததும் சேமித்து வைத்திருந்த அந்த நிகழ்ச்சியை ஓட விடச் சொன்னேன். ரூபனும் ஸ்டீபனும் என் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நான் சொல்லாமலே ரூபன் கண்டுகொண்டான். படத்தில் அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது. அன்று மாலை அதை எத்தனையோ பேர் பார்த்திருந்தார்கள். நாங்களும் பார்த்திருந்தோம். அழுகையைப் பார்த்தோம், ஒரு சேலையைக்கூடப் பார்க்கவில்லை.

ரூபன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தான். "நான் சொல்றேன் சேர். இன்னைக்கே சொல்றேன்."

ஸ்டீபன் கதவைச் சாத்தினார். "நீ சொல்லப் போறது என்னான்னு தெரியுமா? தளத்தோட கண்ணுக்குத் தப்பத்தான் திருப்புறோம்னு நாமளே ஊரறியச் சொல்றது. அதுக்கப்புறம் எதிர் அறிவிப்பு அனுப்ப முடியுமா? பாட்டுக் கம்பெனிக்காரன் அத எடுத்து வச்சுக்க மாட்டானா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "நான் சொல்ல வேணாங்கல அண்ணே. அவங்க மொதல்ல வாபஸ் வாங்கட்டும். வாங்கினதும் அடுத்த நிமிஷமே சொல்வோம். இதுல என்ன தப்பு?"

தப்பில்லாதது போலத்தான் தெரிந்தது. ஆனால் நான் வரிசை பார்த்தே பழகியவன். இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். எது முன்னால் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

"ஸ்டீபன், அந்த அண்ணன் எடத்துல இருந்து பாருங்க. தங்கச்சி வீட்டுல புகார வாபஸ் வாங்குறாங்க. ஒடனே சேனல்காரன் வந்து தல தெக்கதான் இருந்திச்சிங்கறான். அவரு என்ன நெனைப்பாரு? பேசி முடிச்சிக்கிட்டாங்கன்னு நெனைப்பாரு. நம்ம வார்த்தைய அவரு நம்புறதே நமக்கு இதுல ஒன்னும் கெடைக்காததாலதான். கெடைச்ச பிறகு சொன்னா அது செல்லாது."

"கெடைக்காமலே போயிட்டா?"

"போகலாம்," என்றேன்.

ஸ்டீபன் ஜன்னலோரம் போய் நின்றார். கீழே பஸ் நிலையத்தில் நடத்துனர்கள் நோட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா என்று கூவிக்கொண்டிருந்தார்கள். பத்து விரலையும் தலைமுடிக்குள் விட்டுக்கொண்டு நின்ற அவருக்கு அந்தச் சேனல் என்னவாக இருந்தது என்று எனக்குத் தெரியும். கல்யாண வீடியோக் காலத்தில் வாங்கிய கேமராவை விற்றுத்தான் முதல் கணினியை வாங்கினார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "ரூபன், மொகம் கழுவிட்டு வா. வழக்கமான நேரத்துக்குத் தொடங்கணும்."

அன்று மாலை ரூபன் யாருடைய வீடியோவையும் போடவில்லை. அவன் முகம் மூலையில் இல்லாமல் திரை முழுக்க இருந்தது. வலது கையைத் தூக்கிக் காட்டினான்.

"இது என் சோத்துக் கை. கோயில் கயிறு இதுலதான் கட்டியிருக்கேன், பாத்துக்கங்க." மற்றக் கையால் பொத்தானை அழுத்தினான். திரையில் கயிறு இடது கைக்குப் போனது. "இப்ப எந்தக் கை? அதே கைதான். நாங்க படத்தத் திருப்பிட்டோம். மத்தவங்க வீடியோவ எல்லாம் இப்படித் திருப்பித்தான் போடுவோம், புடிபடாம இருக்கிறதுக்காக. அன்னைக்கு ஒரு அம்மாவோட அடக்கத்தப் போட்டேன். அதையும் திருப்பித்தான் போட்டேன். அந்த அம்மாவோட தல தெக்கதான் இருந்திச்சி. அந்த வீட்டுல எல்லாம் மொறையாத்தான் செஞ்சாங்க. தப்பு எங்க கையில. பாக்க வேண்டியவங்க பாத்துக்கிட்டு இருப்பீங்கன்னு நம்பித்தான் சொல்றேன். அப்புறம் இன்னொன்னு. அந்த அழுகைய நான் நிறுத்தியிருக்கக் கூடாது."

அதோடு நேரலையை முடித்துவிட்டான். கருத்துகளில் கேலி செய்தவர்கள் நிறைய. ஒருவர் திருட்டு சேனல் என்று எழுதினார். ஸ்டீபன் ஒன்றையும் அழிக்கச் சொல்லவில்லை.

மறுநாள் தர்ஷினி அழைத்தார். ஸ்டீபன்தான் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா பாத்துட்டாரு. ராத்திரியே அம்மாகூட பேசினாரு. ரெண்டு பேரும் போன்லயே அழுதாங்க. நான் நிறுத்தல. நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. ஆனா வாபஸ் வாங்க மாட்டேன். ஒங்க வீடியோவுல இருந்து வெட்டினது இன்னும் எத்தன எடத்துல சுத்துதுன்னு தெரியுமா? நான் ஒன்னொன்னா புகார் போட்டு எடுத்துக்கிட்டு வாறேன். ஒருத்தருக்கு விட்டுக் குடுத்துட்டா, அவங்களுக்கு மட்டும் ஏன் விட்டேன்னு மத்தவன் கேப்பான். எங்கம்மா அழுதது என்கிட்ட இருந்துதான் வெளிய போனிச்சி. நான்தான் திருப்பிக் கொண்டுவரணும்."

ஸ்டீபன் கண்ணை மூடிக்கொண்டார். "சரிம்மா," என்றார். "வெட்டினது எங்கயாவது புதுசா கண்டா நாங்களும் சொல்றோம்."

எதிர் அறிவிப்பு அனுப்ப அப்போதும் நாள் இருந்தது. நாங்கள் அனுப்பவில்லை. அவகாசம் முடிந்த முற்பகலில் மூவரும் மேசையில் இருந்தோம். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தபோது சேனல் இருந்த இடத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. சம்பளப் போராட்டத்தின் முதல் நாள் பேச்சுகள், மண்சரிவுக்கு மறுநாள் காலை எடுத்த படங்கள், மூடப்பட்ட ஒரு பாடசாலையின் கடைசி விளையாட்டுப் போட்டி எல்லாம் அதோடு போயின. இடம் போதாமல் மூலப் பிரதிகள் பலவற்றை முன்பே அழித்திருந்தோம். தளத்தில்தான் இருக்கிறதே என்று நினைத்தோம்.

நீங்கள் இப்போது வேலை செய்கிற சேனலில் பழைய வீடியோக்கள் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். ஸ்டீபன் பதில் சொல்லாமல் சிரித்திருப்பார். இதுதான் பதில். மிரர் பொத்தானை எடுத்துவிட்டது ஏன், மற்றவர் வீடியோவைத் தொடுமுன் எடுத்தவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் அழைத்துப் பேசச் சொல்வது ஏன் என்பதற்கும் இதுதான் பதில். அழைத்தால் சிலர் வேண்டாம் என்பார்கள். அன்றைய நிகழ்ச்சியில் ஒன்று குறையும். குறையட்டும்.

நாங்கள் செய்தது கெட்டிக்காரத்தனம் என்று நான் சொல்லவில்லை. சேனல் வைத்திருப்பவர்கள் பலர் எங்களை முட்டாள்கள் என்றார்கள். சட்டம் தெரிந்த ஒருவர், வழக்குக்குப் போயிருந்தால் நீங்களே வென்றிருப்பீர்கள் என்றார். வென்றிருக்கலாம்.

கருமாதிக்குப் பாக்கியம் சொல்லி அனுப்பியிருந்தார். சேனல் போய்ச் சில நாள் கழித்துத்தான் அந்தப் பதினாறாம் நாள் வந்தது. ஸ்டீபன் கிறிஸ்தவர், இருந்தாலும் என்னோடு வந்தார். ரூபன் வெட்கப்பட்டு வரவில்லை. நாங்கள் போனபோது முத்துராஜ் மொட்டைத் தலையோடு லயத்து வாசலில் நின்றிருந்தார். தர்ஷினி நின்ற அதே இடம், நானும் நின்ற இடம். உள்ளே பார்த்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார். பாக்கியம் உள்ளேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூப்பிடவில்லை.

சாப்பாடு முடிந்து நாங்கள் லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தபோது முத்துராஜ் வந்து ஸ்டீபனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க சேனல்ல அந்தத் தம்பி சொல்லலேன்னா நான் வந்திருக்கவே மாட்டேங்க. கட்டார்ல நாங்க எல்லாம் ரூம்ல ஒன்னா ஒக்காந்து ஒங்களுதத்தான் பாப்போம். ஊரப் பாக்குறது அதுலதான். நிறுத்திறாதீங்க. தொடர்ந்து போடுங்க."

தேநீர்த் தட்டோடு வந்த தர்ஷினி அப்படியே நின்றுவிட்டார். சேனல் போனதை அவர் மாமாவிடம் சொல்லியிருக்கவில்லை.

ஸ்டீபன் தர்ஷினியைப் பார்க்காமல், பிடித்த கையை விடாமல் சொன்னார்: "சரிங்கண்ணே. போடுறோம்."

முத்துராஜ் மற்றவர்களைக் கவனிக்கப் போனார். தர்ஷினி குனிந்து ஸ்டீபனின் முன்னால் ஒரு கோப்பையை வைத்தார். "சீனி போதுமாண்ணே?" என்று கேட்டார். அதுவரை அவர் எங்கள் யாரையும் அப்படி அழைத்ததில்லை.

"போதும்மா," என்றார் ஸ்டீபன். அவர் இன்னும் குடித்துப் பார்க்கவில்லை.